ஆறு பொதுவானது, காவலும் பொதுவாகட்டும்!

(பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், ஆற்றைக் காக்க முன்வந்த தொண்டர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)

  



வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ ஒரு வீட்டுக்குப் போய்த் தாகத்துக்குத் தண்ணீர் கேளுங்கள். எந்தத் தண்ணீரைக் கொடுப்பார்கள்? ஒன்று, குழாயில் வந்த காவிரித் தண்ணீர். இல்லையென்றால், காசு கொடுத்து வாங்கிய 20 லிட்டர் கேன் தண்ணீர். ஊரை ஒட்டிப் பாலாறு போகிறது. ஆனால் மேட்டூரிலிருந்து பல மைல் தூரம் குழாய் போட்டுக் காவிரியைக் கொண்டு வந்து குடிக்கிறோம். சொந்த ஆற்றின் கரையில் உட்கார்ந்துகொண்டு அடுத்த ஆற்றின் தண்ணீருக்குக் கை நீட்டுகிறோமே, ஏன்?

"பாலாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாலாறு எப்படிப்பட்ட ஆறு என்பதை நாம் மறந்துவிட்டோம். வருடம் முழுவதும் கண்ணுக்குத் தெரிய ஓடுகிற ஆறு அல்ல அது. மழைக்காலத்தில் மேலே ஓடும். மற்ற நாட்களில் மணலுக்குள் இருக்கும். அந்த மணல்தான் அதன் அணை. ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டி, மணலுக்குள் இருந்த நீரைக் கசிய வைத்து, வயலுக்குக் கொண்டு போனவர்கள் நம் முன்னோர். ஊற்றுக்கால் தூர்ந்து போனால் அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு இறங்கினார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். எனவே ஆற்றுக்காகக் கூடி உழைப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல.

இன்று மணலை அள்ளிவிட்டோம். மிச்சம் இருக்கும் மணலுக்குள் எதை இறக்கியிருக்கிறோம் என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

நீதிமன்றம் சொன்னது என்ன?

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாற்றின் நீளம் 348 கிலோ மீட்டர். அதில் கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222. அதாவது ஆற்றில் பாதிக்கும் மேல் நம் பொறுப்பில் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா என்று ஊர் ஊராகத் தொட்டு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகக் கடலுக்குப் போகிறது. முன்பு ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தது, 2019ஆம் ஆண்டு முதல் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றாகிவிட்டது. மாவட்டத்தைப் பிரிக்கலாம். ஆற்றைப் பிரிக்க முடியுமா? மேலே உள்ள ஊர் கொட்டியது கீழே உள்ள ஊரின் கிணற்றுக்கு வந்தே தீரும்.

1991ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நலப் பேரவை என்ற அமைப்பு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. தோல் பதனிடும் ஆலைகள், நம் ஊர்ப் பேச்சில் 'ஷாப்பு'கள், சுத்திகரிக்காத கழிவு நீரை வெளியே விடுகின்றன. அது நிலத்தையும் கிணற்றையும் ஆற்றையும் கெடுக்கிறது என்பது வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் பதிவாகியுள்ள விவரங்களைக் கேளுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கின்படி, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. குரோமியம் கொண்டு தோலைப் பதப்படுத்தும் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது.

இதை ஆலைகளின் எதிரிகள் யாரோ மேடையில் சொல்லவில்லை. நாட்டின் உச்சநீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது.

மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். கேடு வருமுன் தடுக்க வேண்டும். இந்த இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு நிலையம் அமைக்கக் கெடு வைத்தது. பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து நஷ்டஈடு நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. அந்த ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு, 26 கோடியே 82 லட்சம் ரூபாய் அளவுக்கு நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது. கொடுக்க வேண்டியவை 547 ஆலைகள்.

அதோடு முடிந்ததா? இல்லை. விடுபட்டவர்களுக்காகவும் மீறல்களைத் தடுப்பதற்காகவும் வேலூர் மாவட்ட சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு மீண்டும் நீதிமன்றப் படி ஏறியது. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளித்தது. நிர்ணயித்த நஷ்டஈட்டை இன்னும் பெறாதவர்களுக்கு அரசு கொடுக்க வேண்டும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும், ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து நிலைமையைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. ஆற்றுக்கு விளைந்த கேடு நீங்கும் வரை, கெடுத்தவரின் பொறுப்பு நீங்காது என்பதுதான் அதன் சாரம்.

சகோதரர்களே! 1991இல் போட்ட வழக்கின் நியாயம் 2025இலும் பாக்கி இருக்கிறது. 34 ஆண்டுகள்! அப்போது ஏர் பிடித்தவர் இன்று எங்கே? அவருடைய நிலம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. பிள்ளைகள் பிழைப்புக்கு வேறு ஊர் போய்விட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த இரண்டு வழக்குகளையும் கொண்டு போனது எந்தப் பெரிய கட்சி? எந்த அமைச்சர்? யாரும் இல்லை. இங்கே வாழ்கிற சாதாரண மக்கள் கூடி அமைத்த குழுக்கள்தான். உங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள்!

தொழிலா, ஆறா?

இங்கே சிலருக்கு மனதில் ஒரு நெருடல் இருக்கிறது. அதை மூடி மறைக்காமல் பேசிவிடுவோம்.

தோல் தொழிலில் நம் சமுதாயத்தவர் கணிசமாக இருக்கிறார்கள். முதலாளிகளாகவும் இருக்கிறார்கள், தொழிலாளர்களாகவும் இருக்கிறார்கள். இந்தத் தொழில் இந்தக் கரையில் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. தோல் வணிகர்களின் கொடையில் கல்விக்கூடங்கள் எழுந்தன. மறுக்கவில்லை. "இந்த நேரத்தில் ஆறு, மாசு என்று பேசினால் நம்மவர்களையே காட்டிக் கொடுப்பது போல் ஆகாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் திருப்பிக் கேட்கிறேன். கெட்டுப் போன கிணற்றில் யார் குடிக்கிறார்கள்? முதலாளிக்குக் கேன் தண்ணீர் வாங்க வசதி இருக்கிறது. ஆலைக்குப் பின்னால் உள்ள தெருவில் குடியிருக்கும் கூலித் தொழிலாளிக்கு இருக்கிறதா? அவரும் நம்மவர்தானே? ஆலையில் சுண்ணாம்புக் குழியில் நின்று உழைப்பவர்களில் தலித் சகோதரர்கள் எத்தனை பேர்? அவர்கள் நம் அண்டை வீட்டார் இல்லையா? நிலம் இழந்த விவசாயி எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தால் என்ன, அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா இல்லையா?

2015 ஜனவரி 31ஆம் தேதி அதிகாலையை நினைத்துப் பாருங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டு வட்டாரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. தேங்கியிருந்த சேறு பக்கத்து ஆலைக்குள் பாய்ந்தது. அங்கே தூங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். ஆற்றைக் கொல்கிற கழிவு, முதலில் தன் பக்கத்தில் படுத்திருப்பவனைத்தான் கொல்கிறது. ஆற்றுக்காகப் பேசுவது தொழிலாளிக்கு எதிரான பேச்சு என்று இனி யாராவது சொன்னால், அந்தப் பத்துப் பேரை நினைவுபடுத்துங்கள்.

ஆகவே "தொழிலா, ஆறா?" என்ற கேள்வியே தவறு. சுத்திகரிப்புக்குச் செலவு செய்து நேர்மையாக நடத்துகிற ஆலையும் இருக்கிறது. இரவோடு இரவாகத் திறந்து விடுகிற ஆலையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், நேர்மையானவர் நஷ்டப்பட்டு மூடுவார். மற்றவர் லாபம் பார்ப்பார். ஆற்றுக்குக் காவல் இருந்தால்தான் நேர்மையான தொழிலுக்கும் காவல். இதை ஆலை உரிமையாளர்களிடமே நேரில் போய்ச் சொல்லுங்கள். புரிந்து கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

தொழில்நுட்பத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் ஆலைக்கு வருகிறது. ஊறப் போடும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் கரைகிறது. பழைய முறைச் சுத்திகரிப்பில் சேறு பிரியும், துர்நாற்றம் குறையும். ஆனால் கரைந்த உப்பு போகாது. நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு இந்த உப்புக்குத்தான். அதனால்தான் பின்னாளில் எதிர்சவ்வூடு முறையும், ஆவியாக்கும் கலன்களும், ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடும் கட்டாயமாக்கப்பட்டன. அவற்றை ஓட்ட மின்சாரச் செலவு அதிகம். செலவு அதிகம் என்பதால்தான் கள்ளத்தனமாகத் திறந்து விடும் ஆசையும் வருகிறது. தோலை ஊறப் போடும் முன் நன்றாக உதறி, உப்பைத் தனியே எடுத்துவிட்டால் பாரம் அங்கேயே குறையும். இது தொழிலாளியின் கையிலேயே இருக்கிற வேலை. ஆற்றுக் காவலர்களில் ஆலைத் தொழிலாளியும் ஒருவராக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆந்திரா மீது பழி போட்டால் போதுமா?

"ஆந்திராக்காரன் தடுப்பணை கட்டிவிட்டான், தண்ணீரே வரவில்லை, எதைக் காப்பது?" இது இன்னொரு வாதம். உரிமைக்காகப் போராடத்தான் வேண்டும். 1892ஆம் ஆண்டு சென்னை, மைசூர் அரசுகளுக்கு இடையே ஏற்பட்ட ஒப்பந்தம் இருக்கிறது. தமிழக அரசு உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தப் போராட்டம் அதன் வழியில் நடக்கட்டும்.

ஆனால் 2021 நவம்பரில் என்ன நடந்தது? பாலாற்றில் வெள்ளம் கரை புரண்டது. வாலாஜா அருகே உள்ள அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. எந்தத் தடுப்பணை அதைத் தடுத்தது? அவ்வளவு தண்ணீர் வந்தும் நம்மால் எவ்வளவு நிறுத்த முடிந்தது? மணல் இருந்திருந்தால் உறிஞ்சி வைத்திருக்கும். ஏரிக்குப் போகும் கால்வாய் தூர்ந்திருந்தது. ஓரங்களில் வீடு முளைத்திருந்தது. வந்த தண்ணீர் கடலுக்குப் போனது. போகிற வழியில் கரையோரத்து ஏழையின் குடிசையையும் இழுத்துக் கொண்டு போனது. அண்டை மாநிலத்திடம் உரிமை கேட்பவன், தன் வீட்டு வாசலுக்கு வந்த தண்ணீரைக் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டாமா? நம் வழக்கின் பலமே அதில்தான் இருக்கிறது.

பஞ்சாபில் ஓர் ஆறு

"தொண்டர்களால் ஓர் ஆற்றைக் காப்பாற்ற முடியுமா?" என்று சந்தேகப்படுவோருக்கு ஓர் உதாரணம். நம் நாட்டில், பஞ்சாபில் நடந்தது.

அங்கே காலி பெய்ன் என்று ஓர் ஆறு. 160 கிலோ மீட்டர் நீளம். சீக்கிய மதத்தை நிறுவிய குருநானக்கின் வரலாற்றோடு தொடர்புடையது என்பதால் அவர்கள் போற்றுகிற ஆறு. ஆனால் ஊர்களின் சாக்கடையெல்லாம் அதில் விழுந்து, ஆகாயத்தாமரை மூடி, ஆறு இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது. 2000ஆம் ஆண்டு பாபா பல்பீர் சிங் சீச்சேவால் என்ற சீக்கியத் துறவி, சுல்தான்பூர் லோதியில் தம் ஆட்களோடு தண்ணீரில் இறங்கினார். கையால் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டார்கள். கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். கூலி இல்லை. ஒருவர் மண்வெட்டி கொண்டு வந்தார். ஒருவர் டிராக்டர் கொடுத்தார். பெண்கள் சோறு சமைத்துப் போட்டார்கள். ஆறு திரும்ப ஓடியது. ராமேஸ்வரத்தில் பிறந்து குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்கள், 2006இல் அந்தக் கரைக்கே போய்ப் பார்த்தார்.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் இரண்டு. முதலாவது, அவர்கள் ஆற்றை அள்ளியதோடு நிற்கவில்லை. ஊர்ச் சாக்கடையைக் குட்டைகளில் தேக்கி, தெளிய வைத்து, அந்தத் தண்ணீரை வயலுக்குத் திருப்பினார்கள். ஆற்றுக்குப் போக வேண்டிய அழுக்குக்கு வேறு வழி காட்டினார்கள். இரண்டாவது, இவ்வளவுக்குப் பிறகும் மேலே உள்ள ஊர்களின் கழிவு மறுபடி மறுபடி உள்ளே வந்தது. சில ஆண்டுகளில் மீன்கள் செத்து மிதந்தன. ஒரு தடவை சுத்தம் செய்ததோடு வேலை முடியாது. காவல் தளர்ந்த நாளில் அழுக்கு திரும்ப வரும்.

தூரத்து உதாரணம் வேண்டாம் என்றால், நம் பக்கத்திலேயே நாகநதி இருக்கிறது. வேலூர், திருவண்ணாமலைப் பகுதியில், பாலாற்றின் கிளைகளைச் சேர்ந்த சிற்றாறு. வறண்டு கிடந்த அதன் படுகையில் 100 நாள் வேலைத் திட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி, மழை நீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளைக் கட்டினார்கள். கல் தடுப்புகளை அடுக்கினார்கள். அவர்கள் கூலிக்குத்தான் வேலை செய்தார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. அரசாங்கத் திட்டம், பெண்களின் உழைப்பு, வழிகாட்டிய தொண்டர்கள் மூன்றும் ஒன்று சேர்ந்தன. நிலத்தடி நீர் மேலே வந்தது.

தொண்டர்கள் செய்ய வேண்டியவை

இனி நம் வேலைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையுறை போட்டு, குப்பை பொறுக்கி, படம் எடுத்துக் கொண்டு கலைந்து போவதற்காக நாம் கூடவில்லை. என் கருத்தில், ஆற்றுத் தொண்டர் நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான்: ஊர்க் கால்வாய் ஆற்றில் கலக்கிற வாய். அங்கே நின்றால் எல்லாம் தெரியும்.

1. உங்கள் தெருச் சாக்கடை எங்கே போகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து ஆறு வரை அதன் கூடவே நடங்கள். வழியில் எது எது வந்து சேர்கிறது என்று ஒரு நோட்டில் வரைபடம் போடுங்கள். இந்த வேலைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொள்ளலாம்.

2. ஒவ்வொரு கலக்குமிடத்துக்கும் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் போக வேண்டும். நிறம், நாற்றம், நுரை, செத்த மீன், தேதி, மணி ஆகியவற்றை எழுத வேண்டும். மழை பெய்யும் இரவில்தான் கழிவைத் திறந்து விடுகிறார்கள் என்ற புகார் பல ஆண்டுகளாக இருக்கிறது. எனவே மழைக்கு மறுநாள் காலையில் கட்டாயம் பாருங்கள். ஆறு மாதத்துக் குறிப்பு கையில் இருந்தால், அதிகாரி உங்களை 'ஏதோ பேசுகிறார்கள்' என்று தள்ளிவிட முடியாது.

3. தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை நல்லது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கிணறு கிணறாக அளந்து எழுதுங்கள். ஆனால் அந்தக் கருவி குரோமியத்தைக் காட்டாது. அளவு குறைவாக வந்ததும் "நல்ல தண்ணீர்" என்று நீங்களே சான்றிதழ் கொடுத்து விடாதீர்கள். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

4. புகாரை எழுத்தில் கொடுங்கள். மாசு கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், மாவட்ட ஆட்சியர், நகராட்சி மூன்று பேருக்கும் ஒரே நாளில். ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கிராம சபை இருக்கிறது. சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. ஆத்திரப்பட்டு ஆலைக் கதவில் கல்லெறிவதால் ஆற்றுக்கு எந்த லாபமும் இல்லை. வழக்கு உங்கள் மீது திரும்பும், அவ்வளவுதான்.

5. ஆற்றில் இறங்குமுன் நீர்வளத்துறையிடம் அனுமதி பெறுங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டுகிறோம், தூர் வாருகிறோம் என்று பொக்லைனைக் கொண்டு வந்தால், அதன் பின்னாலேயே மணல் லாரி வரும். "சுத்தம் செய்கிறோம்" என்ற பெயரில் மணல் போய்விடாமல் காப்பதும் தொண்டர் வேலைதான்.

6. வெறுங்கையோடு கழிவைத் தொடாதீர்கள். ஊசியும் கண்ணாடியும் கிடக்கும். கழிவுத் தொட்டிக்குள், மூடிய சாக்கடைக்குள் எந்தக் காரணம் கொண்டும் யாரும் இறங்கக் கூடாது. துப்புரவுத் தொழிலாளியையும் இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. ஆற்றைக் காப்பாற்ற ஓர் ஏழையின் உயிரை விலையாகக் கொடுக்க முடியாது.

7. எந்தக் கட்சியின் கொடியும் வேண்டாம். நம் அமைப்பின் கொடியும் வேண்டாம். ஜமாஅத்தார், கோயில் நிர்வாகிகள், தேவாலயத்தார், விவசாயிகள், தொழிலாளர்கள், வணிகர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பெண்களை ஒப்புக்குச் சேர்க்காதீர்கள். வீட்டுத் தண்ணீரின் நிறம் மாறியதை முதலில் காண்பவர்கள் அவர்கள்தாம். வசூல் செய்தால், வரவு செலவை மாதந்தோறும் பொது இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

நம் வீட்டிலிருந்து

கடைசியாக, நம் சமுதாயத்துக்கென்று ஒரு வார்த்தை.

ஆலையைக் கேள்வி கேட்கும் தகுதி நமக்கு வர வேண்டுமானால், நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். குர்பானி நாட்களில் என்ன நடக்கிறது? இறைச்சியை ஏழைகளுக்குப் பங்கிடுகிறோம், மகிழ்ச்சி. குடலையும் இரத்தத்தையும் எங்கே கொட்டுகிறோம்? பல ஊர்களில் அது ஆற்றோரத்துக்கோ கால்வாய்க்கோ போகிறது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மக்கள் புழங்குகிற நீர்த்துறையை அசுத்தப்படுத்துவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்தச் சமுதாயத்தின் வணக்கத்தால் ஆறு நாறலாமா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பே நகராட்சியோடு பேசி, வண்டிக்கும் ஆழக் குழிக்கும் ஏற்பாடு செய்யட்டும். குர்பானித் தோல் மதரஸாக்களுக்கும் ஏழைகளுக்கும் வருமானமாகிறது. அதே தோல்தான் உப்புப் போட்டு ஆலைக்குப் போகிறது. வாங்குகிறவர் அதை எங்கே பதப்படுத்துகிறார், கழிவை என்ன செய்கிறார் என்று கேட்கும் உரிமை விற்கிற நமக்கு இருக்கிறது. கல்யாண மண்டபத்து எச்சில் இலை, கறிக்கடைக் கழிவு, ஆஸ்பத்திரிக் குப்பை எல்லாவற்றுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். பள்ளிவாசல் ஹவுளின் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், தென்னைக்கும் வாழைக்கும் திருப்புங்கள். செலவு அதிகமில்லை, ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.

அன்பர்களே! இந்தக் கூட்டம் முடிந்ததும் கைதட்டி விட்டுப் போய்விடாதீர்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர் எழுதுவதற்கு முன், உங்கள் தெருக் கால்வாய் எந்த இடத்தில் பாலாற்றில் கலக்கிறது என்பதை எழுதுங்கள். தெரியாதவர்கள் நாளைக் காலை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். வேறு ஊர்களில் இருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கும் அதே வேண்டுகோள்தான். ஆற்றின் பெயரை மட்டும் மாற்றிக் கொள்ளுங்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு அன்று, இன்ஷா அல்லாஹ், அந்த நோட்டை வைத்துக் கொண்டு, எந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்று பிரித்துக் கொள்வோம்.

வஸ்ஸலாம்.